பெயர்ப் பட்டியலில் விடுபட்டவள்

சிவப்ரியாவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு வராது. நாடக ஒத்திகை நடக்கும் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒரு நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எதையாவது எழுதுவாள். நடிப்பதில்லை, பாடுவதில்லை, லைட்டுப் பக்கம்கூடப் போவதில்லை. சும்மா உட்கார்ந்து எழுதுகிறவளை யார் நம்புவார்கள்? நாடகத்தை இயக்கும் சம்பந்தம் சார் வைத்த உளவாளி என்றுதான் நாங்கள் பதினைந்து பேரும் நினைத்தோம். யார் தாமதம், யார் வசனத்தை மறந்தது, யார் யாரோடு டீக்கடைக்குப் போனது, எல்லாம் அதில் ஏறுகிறது என்று பரப்பியவள் நான். அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர் வைத்ததும் நான்தான்.

இருவரும் காரைக்காலில் ஒரே கல்லூரி, பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. நான் அறிவுமதி, கருக்களாச்சேரி மீனவ வீடு. அவள் வரிச்சிக்குடி. அவள் அப்பா நீலமேகம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் நெல் போடுகிறவர். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்சிய ஆள். தினமும் ஐந்து மணி ஆனால் போன் வந்துவிடும்.

“எங்க இருக்க? கூட யாரு? அந்தப் புள்ளைகிட்ட போனக் குடு.”

அவளும் முகம் சுளிக்காமல் என்னிடம் நீட்டுவாள். “இங்கதான் இருக்கா அங்கிள். சும்மா உக்காந்திருக்கா” என்பேன். ‘சும்மா’வைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன்.

புதுச்சேரியில் நடக்கும் கல்லூரிப் போட்டிக்காக அந்த நாடகத்தை எழுதி இயக்கியவர் எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் திருஞானசம்பந்தம். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு மீனவப் பெண்ணின் கதை. கதாநாயகி நான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

“அப்புடி என்னதான்டி எழுதுற? காட்டு.”

தயங்காமல் கொடுத்தாள். எங்களைப் பற்றிய கோள் ஏதாவது அகப்படும் என்று புரட்டினால், உள்ளே முழுக்கக் கேள்வி. ‘புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கு வலையைக் கரையில் பரப்பி வைப்பாங்களா? கேக்கணும்.’ ‘இரண்டாம் காட்சியில் அறிவுமதி திரும்பி நின்று பேசினால் கடைசி வரிசைக்குக் கேக்குமா?’ ‘துக்க வீட்டில் இவ்வளவு நீளமாப் பேசுவாங்களா?’

“இதெல்லாம் யாரு கேட்டா ஒன்ன?”

“யாரும் கேக்கல. புதுச்சேரியில ஒரு பயிலரங்குக்குப் போனேன்ல, அங்க சொன்னாங்க. டிராமடர்ஜ்னு பேரு. நாடகத்துல சொல்றது நெசமா, காட்சிக்குக் காட்சி ஒட்டுதா, பாக்குறவங்களுக்குப் புரியுதான்னு தோண்டிப் பாக்குற ஆளு.”

“அப்ப சார் எழுதுனது தப்புங்கிற.”

“விசாரிச்சுப் பாக்கலாங்கிறேன். அவ்வளவுதான்.”

எனக்கு அது திமிராகத்தான் பட்டது. அவள் நோட்டை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அந்த வேலைக்குப் படிக்க வேண்டும், புதுச்சேரியில் எம்.ஏ. நாடகம் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக வீட்டில் கேட்டிருக்கிறாள். நீலமேகம் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இந்த நாடகத்தில் அவள் என்ன செய்தாள் என்று அவள் பெயரோடு அச்சில் வர வேண்டும். வந்தால் நாடகம். வராவிட்டால் மறுபேச்சில்லாமல் பி.எட்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் நோட்டும் கையுமாக எங்கள் ஊருக்கு வந்து இறங்கினாள். இதை விடத் தப்பான நேரம் இருக்க முடியாது. தடைக்காலத்தில் ஒருத்தி நோட்டை விரித்து, யார் எப்போது கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மீன்துறை ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. யாரோ ஒருவர், இந்த ஆபீஸ்காரர்கள் தொலைந்தால் போதும் என்று, வழக்கமாக அவர்கள் போகும் வீட்டைக் கைகாட்டிவிட்டார். அது என் பெரியம்மா குஞ்சம்மாவின் வீடு.

பெரியப்பா கருப்பையன் கடலில் காணாமல் போய்ப் பதினோரு வருஷம். படகு கரை ஒதுங்கியது, அவர் வரவில்லை. அன்றிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் பெரியம்மா ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். தேதி, படகு நம்பர், காற்று எந்தப் பக்கம், போதும். சிவப்ரியாவுக்கும் அதையே ஒப்பித்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் எனக்குத் தெரிந்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டேன். “யாரக் கேட்டுடி எங்க வீட்டு வாசப்படி மிதிச்ச?”

“ஒன்னத்தான் மொதல்ல கேட்டேன் அறிவு. ரெண்டு தடவ. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்ட.”

உண்மை அதுதான். சார் எழுதிய காட்சியில், படகு மட்டும் திரும்பி வந்ததும் பெண்கள் கூடி என் வளையலை உடைத்துப் பொட்டை அழிப்பார்கள். நாற்பது முறையாவது அந்த இடத்தில் கதறி அழுதிருப்பேன். எங்கள் பெரியம்மா நெற்றியில் இன்றைக்கும் பொட்டு இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சார் பெரிய மனிதர். அந்த இடத்தில் கைதட்டல் விழும் என்று எனக்கும் தெரியும். வாயைக் கொடுத்து எதற்குக் கெடுத்துக்கொள்வது என்று இருந்துவிட்டேன்.

சிவப்ரியா விடவில்லை. இன்னும் இரண்டு தடவை போனாள். பெரியம்மா சொன்னது மனப்பாடம் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. மூன்றாம் தடவை நோட்டை எடுத்துப் போகவில்லை. கூட உட்கார்ந்து கருவாடு திருப்பிப் போட்டிருக்கிறாள். அன்றைக்குப் பெரியம்மா தானாகவே பேசியிருக்கிறாள்.

“ஒடம்பு வரல பாப்பா. வராத ஆளுக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்? ரேசன் கார்டுல பேர எடுக்கணும்னு வந்தானுவொ. எடுக்க வுடமாட்டேன்னுட்டேன்.”

சிவப்ரியா சாரிடம் போய், இதை நாடகத்தில் வைத்துக்கொள்ளப் பெரியம்மா சம்மதித்துவிட்டார் என்று சொல்லித்தான் காட்சியை மாற்றச் சொன்னாள். சார் முதலில் சீறினார். இரண்டு நாள் கழித்துத் தானே யோசித்தது போல மாற்றினார். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழ, நடுவில் நான் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயரை எடுக்க விடமாட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் ஒத்திகையிலேயே எனக்குப் பெரியம்மா குரல் கேட்டது. அதே நேரம் பொறாமையும் வந்தது. எங்கள் வீட்டுத் துக்கத்தை வரிச்சிக்குடிக்காரி ஒருத்தி தூக்கிக்கொண்டு போய் நல்ல பேர் வாங்கப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

நேரே சாரிடம் போனேன். “சார், அவ ஊருக்குள்ள பூந்து கிளறுறா. அவ பேரு நோட்டீசுல வந்தா எங்க ஆளுங்க சண்டைக்கு வருவாங்க.”

அப்பட்டமான பொய். எங்கள் ஊரில் நாடக நோட்டீஸைப் பார்த்து யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சார் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. இதற்காகவே காத்திருந்த மாதிரி பேனாவை எடுத்தார். “போட்டிக்கான படிவத்துல நடிப்பு, இசை, ஒளி, ஒப்பனைன்னுதான் கட்டம் இருக்கு. அந்தப் பொண்ணு செஞ்சதுக்குக் கட்டமே இல்லம்மா” என்று சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த பட்டியலில் கடைசியாக இருந்த அவள் பெயரை அடித்தார்.

புதுச்சேரிப் போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. சிறந்த நடிகை நான். நடுவர் ஒருவர் அந்தப் பொட்டுக் காட்சி எப்படி வந்தது என்று கேட்டார். “கள ஆய்வுங்க. நானே நேரடியாப் போயிப் பேசினேன்” என்றார் சார். எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். கேடயத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர்களுக்காகக் கல்லூரியில் ஒரு காட்சி போட்டோம். நீலமேகம் வந்திருந்தார். நாலாம் வரிசையில் மகளோடு உட்கார்ந்து, நோட்டீஸில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள். மறுபடி மேலேயிருந்து தொடங்கினார். சிவப்ரியா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்த பிறகு நான் எப்படி நடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் ஒவ்வொருவராக முன்னால் வந்து பெயர், வகுப்பு, ஊர் சொல்வது எங்கள் வழக்கம். மைக் என்னிடம் வந்தது.

“சிவப்ரியா, பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு, வரிச்சிக்குடி” என்றேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “பொட்டு வைக்கிற காட்சிய விசாரிச்சுக் கொண்டாந்தது அவதான். எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல. அவ பேர வெட்ட வச்சதும் நான்தான். சார்கிட்ட பொய் சொன்னேன்.”

சார் மைக்கை வாங்க வந்தார். அதற்குள் நீலமேகம் எழுந்துவிட்டார்.

“ஏம்மா, இத எழுதிக் குடுப்பியா?”

“குடுக்கறேங்க.”

“வாயில ஆயிரம் சொல்லலாம். எழுது.”

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து, நோட்டீஸின் பின்பக்கத்தில், இந்த நாடகத்துக்காக சிவப்ரியா செய்த வேலையையெல்லாம் எழுதினேன். மற்ற பதினான்கு பேரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். சிவப்ரியா வாங்கிப் படித்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துத் திட்டவும் இல்லை.

“பெரியம்மா பேரு எங்கடி? அவங்க சொன்னதுதான அது.”

சொந்தப் பெரியம்மா பெயரை நான் எழுதியிருக்கவில்லை. கூசிப் போனது. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

நீலமேகம் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போல மெல்லப் படித்து முடித்தார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

“பேர வெட்ட வச்சது நாந்தான்னு மேடையில சொன்னியேம்மா. அது இதுல இல்லியே.”

“அதயுமாங்க?”

“அது இல்லாட்டி, அச்சுல ஏன் பேரு வரலன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அப்ப எம்பொண்ணு பொய் சொல்றான்னு ஆயிடும்.”

எழுதினேன். ‘பொய் சொல்லி’ என்பதையும் சேர்த்தேன். அதன் கீழே சார் கையெழுத்துக்கு இடம் விட்டேன். சார் தாளைப் பார்த்தார், கலைந்து போகாமல் நின்றிருந்த பெற்றோர்களைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

நீலமேகம் அந்தக் கையெழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

“புதுச்சேரிக்கு அப்ளிகேசன் போடக் கடைசித் தேதி என்னைக்கு?”