பெயர் வெட்டும் நீலாம்பாளும் ஒரு கடற்படை மெடலும்

காஞ்சிபுரம் ராஜவீதியில் பரசுராமனின் பாத்திரக்கடை வாசலில், படிக்கு இடப்புறம், மடித்துப் போட்ட கோணிப்பையின்மேல் அமர்ந்து நீலாம்பாள் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். சீர்வரிசைக் குடமானாலும், ஆடி மாதத்தில் அம்மனுக்கு நேர்ந்துகொண்ட சொம்பானாலும், கடைக்காரர் விலை பேசி முடித்தவுடன் அவளிடம்தான் வரும். சிற்றுளியை வைத்து, சிறு சுத்தியலால் தட்டத் தட்ட, எழுத்து புள்ளி புள்ளியாகப் பிறக்கும். ஆங்கில எழுத்து அவளுக்குப் படிக்க வராது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அச்சாக வெட்டிவிடுவாள்.

அந்த இடம் அவளுடைய கணவர் வேலாயுதம் பிடித்த இடம். தறிக்குழியில் வருஷக்கணக்காகக் கால் வைத்து முழங்கால் கெட்டுப்போனபின், நெசவை விட்டு உளியைப் பிடித்தவர் அவர். மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோன மறுமாதமே நீலாம்பாள் அதே கோணிப்பையில் வந்து அமர்ந்தாள். அதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக்குணம் அன்று. தொழில் கொடுத்த குணம். கூட்டுக்குடும்பத்துத் தவலையைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, “என் பேரை மட்டும் போடும்மா” என்று கிசுகிசுக்கும் மருமகள்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். வேலாயுதம் இருந்த காலத்தில் ஒருவன் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுப்பெயர் வெட்டச் சொன்னான். அவரும் வெட்டினார். விளக்கு திருட்டு விளக்கு. எழுத்தைப் பார்த்தே, “இது வேலாயுதம் கை” என்று ஊர் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் குந்தவைத்து அனுப்பினார்கள். தேய்த்த இடத்தில் பெயர் வெட்டுவதில்லை என்பது அன்றிலிருந்து அந்த வீட்டின் சட்டமாயிற்று.

1998ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்த வாரத்தில் சக்ரவர்த்தி கடைக்கு வந்தார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய நாணயம், தபால்தலை, பதக்கம் என்று சேர்ப்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பரசுராமன் கடை வைத்திருந்த கட்டடம் அவருடையது. பரசுராமன் தம் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். சக்ரவர்த்தியோ நேரே நீலாம்பாளிடம் குனிந்தார்.

“இதோ பாருங்கோம்மா, இது சொம்பு வேலை இல்லை. இந்த விளிம்புல பேர் வரணும். அரிசியளவுதான் எழுத்து.”

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிப் பதக்கம். ஒருபுறம் தாடி வைத்த ராஜா. மறுபுறம் கடற்குதிரைகளோடு அலைமேல் செல்லும் ஒரு பெண். மேலே வெள்ளையும் சிவப்புமாக ஒரு நாடா.

“யார் பேரு சார்?”

“பெல்டன்னு ஒரு வெள்ளைக்காரர். லெப்டினன்ட். ராயல் இந்தியன் மரைன்னு அந்தக் காலத்துல இந்தியாவுக்குன்னு இருந்த கடற்படை. சின்ன வயசுல பம்பாய்ல வந்து இறங்கினார். பட்டாளத்தை ஏத்திண்டு ரங்கூன், ஏடன்னு போய்ண்டே இருந்தார். அப்புறம் பாரசீக வளைகுடால துப்பாக்கி கடத்தற படகெல்லாம் துரத்திப் பிடிச்சார். அதுக்குக் குடுத்த மெடல் இது. யுத்தத்துல, மெசபடோமியா ஆத்துல, காயம்பட்டவாளை ஏத்திண்டு வர கப்பல் ஓட்டினார். கடைசில மெட்ராஸ் துறைமுகத்துல அதிகாரி.” சொந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

“உங்களுக்குச் சொந்தமா சார்?”

பரசுராமன் சிரித்துவிட்டார். “வெள்ளைக்காரன் சாருக்கு எப்படிம்மா சொந்தமாவான்?”

“சொந்தமில்லாதவங்க பேரை வெட்டச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லைபா. அதான் கேட்டேன்.”

“பெல்டனோட பேரன் இங்கிலாந்துலேர்ந்து வரார்மா” என்றார் சக்ரவர்த்தி. “அவர் கையில குடுக்கணும். பெல்டனோட சமையல்காரர் வீட்ல கிடந்திருக்கு. புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே பேரை அழிச்சுட்டா.”

நீலாம்பாள் பதக்கத்தை வெயிலில் திருப்பினாள். புளியானாலும் சாம்பலானாலும், தேய்க்கிற கை மேடான இடத்தைத்தான் முதலில் தின்னும். ராஜாவின் மூக்கோ கூர்மையாக இருந்தது; தாடியில் மயிர் மயிராகக் கோடு தெரிந்தது. விளிம்பு மட்டும் வழவழவென்று, அரம் ஓடிய தடமாக இருந்தது.

“இன்னிக்கு வெளிச்சம் பத்தல சார். வெச்சிட்டுப் போங்க.”

“வெச்சுட்டுப் போறதுக்கு இது என்ன தூக்குச்சட்டியா? என் கண்ணெதிர்லயே வெட்டணும்” என்று அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தப்பில்லாத பொருளைப் பற்றி இவ்வளவு பதற்றம் எதற்கு என்று அதையும் அவள் மனத்தில் முடிந்துவைத்தாள்.

அவர் தலை மறைந்ததும் பரசுராமன் படியிறங்கி வந்தார். “நீலாம்மா, அவரு கட்டடத்துக்காரரு. அவரு மூஞ்சி சுளிச்சா நான் இத்தினி அண்டாவையும் தூக்கிக்கினு எங்க போவேன்? நீதான் எங்க போவே? வெட்டிக் குடுத்துட்டுப் போயேன். வெள்ளைக்காரன் மெடலு, அவன் பேரு. உனக்கு இன்னா?”

“அவன் பேருதானான்னுதான் தெரியலைபா.”

“தெரிஞ்சுக்கினு இன்னா பண்ணப் போற? கலெக்டர் ஆவப் போறியா?”

அவள் மறுபடி உளியை எடுத்தாள். வெட்டினால் தன் கையெழுத்து அதில் நிற்கும். வெட்டாவிட்டால் உட்கார இடம் நிற்காது. இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்ததில், அன்று ஒரு குடத்தில் ‘ல’ கரத்தின் சுழியே கோணிப்போயிற்று.

அந்த வார இறுதியில் சக்ரவர்த்தி மீண்டும் வந்தார். இம்முறை கையில் நீல வெல்வெட் பெட்டி. மூன்று பதக்கங்கள் பதிந்திருந்தன. நான்காம் பள்ளம் காலி; அதற்குரிய பதக்கத்தை அவர் அவள் கையில் கொடுத்தார். “உங்களுக்கு நம்பிக்கை வரணும்னுதான் கொண்டுவந்தேன். மூணும் பெல்டனோடது. எல்லாத்துலயும் பேர் இருக்கு பாருங்கோ. இந்த நாலாவதும் சேர்ந்தாத்தான் செட்டு முழுசாகும்.”

இருந்தது. மூன்றிலும் ஒரே பெயர், வெட்டுவதற்கென்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்த அதே எழுத்துகள். ஒரே வீட்டில், ஒரே புளியால் தேய்த்த நான்கில் மூன்றுக்குப் பெயர் நிற்க, ஒன்றுக்கு மட்டும் எப்படிப் போயிற்று?

“நாலும் சமையல்காரர் வீட்லதான் இருந்திச்சா சார்?”

“ஆமாம். இல்லை, பல்லாவரத்துல ஒரு பங்களா ஏலத்துல எடுத்தேன். சமையல்காரர் வீட்லேர்ந்துதான் ஏலத்துக்கு வந்திருக்கு.”

நீலாம்பாள் தலையசைத்தாள். “கப்பல்ல இருந்த எல்லாருக்குமே இந்த மெடலு குடுத்தாங்களா சார்?”

தமக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டுவிட்டால் சக்ரவர்த்திக்கு நாக்கு நிற்காது. “கரி அள்றவன்லேர்ந்து கேப்டன் வரைக்கும் ஒரே வெள்ளி, ஒரே ராஜா. விளிம்புல இருக்கற பேர்தான் வித்தியாசம். கரி அள்றவன் மெடலை எவன் சீந்துவான்? ஆபீசர் மெடல்னா மவுசே தனி.”

அவளுடைய விரல் தானாகவே அந்த வழவழப்பான விளிம்பைத் தடவியது. அங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. அடுப்பறையில் வெந்தவனோ, துடுப்புப் போட்டவனோ, எந்த ஊர்க்காரனோ! அந்தப் பெயரை எடுத்தது இவர்தானா, இவருக்கு விற்றவனா, இவரும் ஏமாந்தவர்தானா? தெரிந்துகொள்ள அவள் கையில் இருந்தது தொழில் ஒன்றுதான்.

“வெட்றேன் சார். ஆனா, பழைய சாமான்ல புதுசா பேர் வெட்டினா, வெட்டின வருஷத்தையும் சேர்த்துப் போட்டுடுவேன். கோயில் சாமானுக்கெல்லாம் அப்படித்தான்.”

“பேஷா போடுங்கோ. கடைசில, ஓரமா, சின்னதா.”

இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டதுதான் அவளை உறுத்தியது. அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் ஓரத்து வருஷம் போய்விடும்.

“ஓரத்துல இல்ல சார். லெப்டினன்டுக்கும் பெல்டனுக்கும் நடுவுல.”

சக்ரவர்த்தியின் கை பெட்டியின் மூடிமேல் வந்து படிந்தது. “பேருக்கு நடுவுல வருஷமா? எந்த ஊர் வழக்கம் இது?”

“நடுவுல இருந்தா யாரும் எடுக்க முடியாது. எடுத்தா பேரும் சேர்ந்து போவும்.”

“தொண்ணூத்தெட்டுன்னு நட்ட நடுவுல நின்னா அதை எவம்மா வாங்குவான்?”

“பேரனுக்குக் குடுக்கறதுன்னீங்களே சார்” என்றாள் நீலாம்பாள், குரலை உயர்த்தாமல்.

அவர் முகம் கறுத்தது. அதற்குள் பரசுராமன் பாய்ந்து வந்தார். “சார், அவங்களுக்கு இப்பல்லாம் கை நடுங்குது. வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஏதேதோ பேசறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

நல்ல மனத்தோடு நீட்டிய பொய்தான் அது. அவள் மௌனமாக இருந்தால் சக்ரவர்த்தி மானத்தோடு போவார். கோணிப்பையும் இருக்கும் இடத்தில் இருக்கும். ஆனால், நீலாம்பாளுக்குக் கை நடுங்குகிறது என்ற சொல் பொழுது சாய்வதற்குள் ராஜவீதி முழுக்கப் போய்விடும். கை நடுங்குபவளிடம் யார் பாத்திரம் கொடுப்பார்கள்?

மடியில் ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. செவிலிமேட்டிலிருந்து வந்த ஒரு தாய் தன் குழந்தைக்கு வாங்கியது. அவளும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நீலாம்பாள் அதை எடுத்தாள். கட்டைவிரல் அகலமே இருந்த அதன் விளிம்பில் உளியை வைத்தாள். ‘ஸஹானா’ என்று மூன்று எழுத்தையும், இடையில் மூச்சுகூட மாற்றாமல், வெட்டி முடித்தாள். ஊதித் துடைத்து, தாயின் கையில் கொடுத்தாள்.

“கை நல்லாத்தான் இருக்குது சார். மனசுதான் ஒப்பல.”

சக்ரவர்த்தி பதக்கத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் பரசுராமனிடம் மட்டும் பேசினார். “வாடகை ஒப்பந்தம் தையோட முடியறது. ஞாபகம் இருக்கோல்லியோ?”

அவர் போன பிறகு பரசுராமன் வெகுநேரம் அண்டாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், “நாளையிலேர்ந்து வேற இடம் பார்த்துக்கோம்மா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவள் கோணிப்பையை உதறி மடித்தாள்.

எதிர்ச்சாரியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த கிருஷ்ணவேணி, “உக்காரு, ஆனா என் கற்பூரத்தட்டு மேல உன் தூசி பறக்கக் கூடாது” என்று இடம் கொடுத்தாள். பகல் முழுவதும் வெயில் அடிக்கும் இடம். முதல் வாரம் வருமானம் பாதியாயிற்று. பரசுராமன் கடையில் மின்கருவியோடு ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். ஆனால், பாலாடை கொண்டுபோன தாய் சும்மா இருக்கவில்லை போலும். பாத்திரத்தை அங்கே வாங்கியவர்கள் பெயர் வெட்ட வீதியைக் கடந்து வரத் தொடங்கினார்கள்.

அந்தப் பதக்கத்தில் பிறகு யாருடைய பெயர் ஏறியது என்பது நீலாம்பாளுக்குத் தெரியாது. சென்னையில் வேறு கை வெட்டியிருக்கலாம். வேலாயுதத்தின் கைவழி வந்த எழுத்து அதில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

கார்த்திகை முடிவதற்குள் ஒருநாள் பரசுராமனே கடைவாசலில் நின்று, சக்ரவர்த்தி கண்ணில் படுகிறாரா என்று இருபுறமும் பார்த்துக்கொண்டு, கூவினார்: “நீலாம்மா! மாகறல்லேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. சீர் சாமான் அத்தினியும் உனக்குத்தான். சீக்கிரம் முடிச்சுக் குடு!”

வந்தவர்கள் குடமும் தவலையுமாக அவள் முன்னே இறக்கினார்கள். “யார் பேரு?” என்று கேட்டபடியே, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். பெண்ணின் தகப்பனாருக்குப் பொறுமை போயிற்று. “இன்னாம்மா, எல்லாம் இப்பத்தான் எதிர்க்கடையில வாங்கினது. நம்ப மாட்டியா?”

“நம்பறேன்பா” என்று சொல்லிக்கொண்டே, அடுத்த குடத்தையும் திருப்பினாள் நீலாம்பாள்.