பெல்ட்டு மாத்தினதும் காணாமப் போன சாமியார்

இன்னிக்கு உத்திரமேரூர் பஜார்ல, ரேடியோ ரிப்பேர் கடை வாசல்ல எனக்குத் தலையே சுத்திடுச்சி.

எங்க தெரு பொம்பளைங்க கேசட்டு போட்டு சமஸ்கிருதத்துல சிவன் மந்திரம் கத்துக்கினு வர்றோம். வர்ற பிரதோஷத்துக்கு மாகறல் கோயில்ல ஊர் முன்னாடி சொல்லணும். கேசட்டு கடையில பதிஞ்சி வாங்கினது, அட்டையில படம் கூட இல்ல. அதுல ஒரு சாமியார், கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி கனத்த குரல்ல இழுத்து இழுத்து சொல்லுவார்.

"அவரு சொல்றாப்பலியே வரணும், இல்லாட்டி பலன் கெடையாது"ன்னு, முன்ன நின்னு நடத்துற சரோஜாக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க. அடித்தொண்டையில சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சி.

சரோஜாக்கா வூட்டு டேப்ரிக்கார்டர், செகண்ட் ஹேண்டுல வாங்கினது. பட்டன் சிக்கிக்கிச்சின்னு ரெண்டு பேரும் எடுத்துக்கினு போனோம்.

ரிப்பேர்காரர் தொறந்து பாத்தார். "உள்ள பெல்ட்டு லூசா கீதும்மா. இத்தினி நாளா ஸ்லோவா ஓடிக்கினு இருந்திருக்குது." புது பெல்ட்டு மாட்டி, எங்க கேசட்டையே போட்டார்.

சாமியாரைக் காணோம். ஒரு பொம்பள, கணீர்னு, கடகடன்னு மந்திரம் சொல்லுது!

சரோஜாக்காவுக்கு மூஞ்சே வெளுத்துப்போச்சி.

அப்புறம் ரிப்பேர்காரரைப் பாத்து, "இன்னாப்பா பண்ணி வெச்சிக்கிற? அந்தப் பழைய பெல்ட்டையே மாட்டிக் குடு"ன்னாங்க.

மாட்டிக்கினுதான் வந்தோம்.

பிரதோஷத்துக்கு நான் இன்னா குரல்ல சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. சரோஜாக்கா காதுல மட்டும் வுழாம.