கல் நடாத கல்லறைகள்

போன மாதம் ஊட்டியில், ஒரு பழைய சர்ச் வாசலில், இளம் ஜோடி ஒன்று என்னிடம் மொபைலை நீட்டியது. மும்பையை அடுத்த உல்லாஸ்நகர்க்காரர்கள். எனக்குச் செம்பூர் என்றதும் சொந்தக்காரியைக் கண்டதுபோல் ஒட்டிக்கொண்டார்கள். சர்ச்சும் முழுசாக வர வேண்டும், அவர்களும் முழுசாக வர வேண்டும் என்று இந்தியில் ஆர்டர். நானும் பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஒரு மரத்தில் முதுகை இடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

படத்தின் ஓரத்தில் எஸ்தர் சிஸ்டரும் விழுந்துவிட்டார். பின்பக்கச் சரிவில், பாசி பிடித்த கல்லறைகளுக்கு நடுவே, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டு…

உங்கள் ஃப்ரெண்ட் ஹிஸ்டரி புரொபசரா என்று கேட்டான் அந்தப் பையன்.

இல்லை, அவர் அம்மாவைத் தேடுகிறார் என்றேன்.

அடுத்த போஸுக்கு உயர்ந்த அவன் கை மெல்ல இறங்கிவிட்டது.

எஸ்தர் சிஸ்டரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'சிஸ்டர்' என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிடாதீர்கள். மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். என் கணவர் கடைசியாகப் படுத்திருந்த வார்டில் இவர்தான் பொறுப்பு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சிஸ்டர் என்னை விடவில்லை. தாராவியில் வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது செம்பூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காலையில் சேர்ந்து வாக்கிங் போகிறோம். வாக்கிங் கொஞ்சம், டாக்கிங் நிறைய.

அத்தனை பேச்சிலும் ஒரு விஷயம் மட்டும் வெளியே வந்ததே இல்லை. போன மழைக்காலத்தில் சிஸ்டரின் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, பழையபடி நடக்கக் கிளம்பிய முதல் நாள் சிஸ்டர் சொன்னார்:

"எக்கா, இவொ எனக்குச் சித்தி. பெத்த அம்மை நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே போயிட்டா. மலையில பொதைச்சாங்க. எங்கன்னு தெரியாது."

நான் நின்றுவிட்டேன்.

சிஸ்டரின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நீலகிரிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். அம்மா கொழுந்து பறித்தவர். இரண்டாவது பிரசவத்தில் தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. மிஞ்சிய பெண்ணைத் தூக்கிக்கொண்டு அப்பா தாராவியில் இருந்த அண்ணனிடம் வந்துவிட்டார். தோல் பட்டறையில் வேலை. மறு கல்யாணம். அதற்குப் பிறகு மலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எந்த எஸ்டேட், எந்த ஊர் — ஒன்றும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்.

சித்தி கொடுமைக்காரியோ என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. தன் வயிற்றில் பிறந்த இரண்டு பையன்களுக்கும் முன்னால் இவர் தட்டில்தான் மீன் விழுமாம். அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்காமல் நர்ஸிங் படிக்க வைத்ததும் அவர்தான். அப்படிப்பட்டவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, 'என் அம்மா எங்கே?' என்று எப்படிக் கேட்பது?

"சித்தி இருக்குற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன். இப்ப கேக்கலாம்னு பாத்தா, கேக்குறதுக்கு ஆளே இல்ல," என்றார் சிஸ்டர்.

அவர் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம்தான். யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்து போனது. ஈரமான கல் சுவர். ஒரு ஜன்னலில் நீலக் கண்ணாடி. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கூகுளில் தேட முடியுமா? நேரில் போய்த்தான் தேட வேண்டும் என்றார்.

அவர் கணவருக்கு முழங்கால் வலி. மலை என்றாலே உட்கார்ந்துவிடுவார். எனவே சிஸ்டருக்குத் துணையாக நான் கிளம்பினேன். குர்லா டெர்மினஸில் கோயம்புத்தூர் ரயில். அங்கிருந்து மலை பஸ்.

முதலில் ஊட்டி சர்ச். உள்ளே போனதும் நான் சிஸ்டரை மறந்துவிட்டேன் — உண்மையைச் சொல்கிறேன். தலைக்கு மேலே அத்தனை பெரிய உத்தரங்கள். திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த மரம் என்கிறார்கள். வண்ணக் கண்ணாடி வழியே வெயில் பெஞ்சுகளின் மேல் விழுந்து கிடந்தது. சுவர் முழுக்கச் சலவைக்கல். குதிரையிலிருந்து விழுந்த கேப்டன், ஆற்றோடு போன அதிகாரி, காய்ச்சலில் போன அவர் மனைவி, பேர் வைத்த கையோடு போன குழந்தை… ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, நாலு வரி கண்ணீர்.

சிஸ்டர் ஒரு குழந்தையின் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "பாவம் எக்கா, கப்பல்ல வந்து இங்கன கெடக்கு," என்றார்.

ஆனால் நீல ஜன்னல் அங்கே இல்லை. இருந்ததெல்லாம் எல்லா நிறத்திலும் இருந்தது.

அடுத்து குன்னூர். "மொதல்ல ஐயரைக் கேப்போம் எக்கா," என்றார் சிஸ்டர். மாட்டுங்காவில் ஐயர் வீட்டில் பிறந்த எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அந்த ஐயர் இளைஞர். ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எஸ்டேட் பெயர் தெரியாமல் தேடுவது கஷ்டம் என்றார். ஒரு ஜெபம் செய்து அனுப்பினார்.

அங்கேயும் சிஸ்டர் ஒரு கல் விடாமல் பார்த்தார். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, அதற்கு அப்பால் நீலமாக மலை, மடிப்பு மடிப்பாக மேகம். இவ்வளவு அழகான இடத்தில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்த அந்த மனிதர், தாராவிச் சந்தில் எதை நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்?

எங்கள் டாக்ஸியை ஓட்டியவர் மோகன். கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். இதெல்லாம் துரைமார்களின் கல்லறை, கொழுந்து பறித்தவர்களை இங்கே வைத்திருக்க மாட்டார்கள், எஸ்டேட்டுக்குள்ளேயே சின்னச் சின்னக் கிறிஸ்தவக் கோயில்கள் உண்டு என்று.

எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை? சரித்திரம் என்றால் கல்லில் எழுதியிருக்கும் என்று பழகிவிட்டோம்.

அடுத்த நாள் கோத்தகிரிப் பக்கம் அப்படி ஒரு கோயிலுக்குப் போனோம். தகரக் கூரை போட்ட சின்னக் கல் கட்டடம். டூரிஸ்ட் யாரும் எட்டிப் பார்க்காத இடம். ரூத் என்ற வயதான அம்மாள் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். எஸ்டேட் லயத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே தங்கிவிட்டவர்.

கல் சுவர் ஈரமாக இருந்தது. மலையில் எந்தச் சுவர்தான் ஈரமாக இருக்காது? ஒரு ஜன்னலில் கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். முன்பு என்ன நிறம் என்று கேட்டோம். ரூத் அம்மாளுக்கு நினைவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் எல்லாப் பக்கமும் கேட்கும் என்றார்.

கல்லறை எங்கே என்று சிஸ்டர் கேட்டார். ரூத் அம்மாள் வெளியே வந்து கீழே சரிவைக் காட்டினார். புல்லும் புதரும். மரச் சிலுவைதான் நடுவார்களாம். நாலு மழை பார்த்தால் உளுத்துவிடும். அதற்கப்புறம் அவரவருக்குத் தெரிந்த அடையாளம்தான். தெரிந்தவர்களும் போய்விட்டால்…

சிஸ்டர் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுதானா என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். பிறகு ரூத் அம்மாளிடம் திரும்பி, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"பிரசவத்துல ஒரு பொம்பளை போயிட்டா, அந்நேரம் கூட யாரும் இருப்பாங்களாம்மா?"

எத்தனையோ பேருடைய கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவர் சிஸ்டர். என் கணவருடைய கையையும் பிடித்திருந்தவர் அவர்தான். இந்தக் கேள்வியை எத்தனை வருஷமாக வைத்திருந்தாரோ.

ரூத் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"என் அக்கா அப்படித்தாம்மா போச்சு. லயத்துப் பொம்பளைங்க ஒருத்தரும் அன்னிக்கு வேலைக்குப் போகல. ஒருத்தி மடியில தலைய வச்சிருந்தா, ஒருத்தி கால புடிச்சிருந்தா. குளிப்பாட்டி, தலை சீவி, பூ வச்சுத்தான் அனுப்புனோம். இங்க யாரையும் தனியா விட மாட்டோம்."

சிஸ்டர் அழவில்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் கொஞ்ச தூரம் இறங்கினார். நான் மேலேயே நின்றேன். அது நான் இறங்க வேண்டிய இடம் இல்லை.

திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்க வேண்டும் என்றார். இறந்தவர் நினைவாகக் கொடுத்தால், ஐயர் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துவாராம். யார் பேரில் என்று கேட்டார் ரூத் அம்மாள்.

"ரெண்டு அம்மை பேருலயும் சொல்லச் சொல்லுங்க. பெத்தவ ஞானப்பூ. வளத்தவ செல்லத்தாயி."

ஞானப்பூ. அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்கிறேன். சின்னப் பிள்ளையாக மலையில் கேட்டதை மனசிலேயே வைத்திருந்தாராம்; தாராவி வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

அந்த ஆராதனைக்கு எங்களால் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை ரயில். ஞாயிறு காலை சோலாப்பூர் தாண்டி, கரிசல் காட்டில் ஓடிக்கொண்டிருந்தோம். ஆராதனை நேரம் ஆனதும் சிஸ்டர் டீ கப்பைக் கீழே வைத்தார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நானும் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் கண் திறந்தபோது, எதிர் சீட்டு மராத்தி அம்மாள் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். நான் ஊட்டி, சர்ச், டூர் என்று ஆரம்பிக்கப் போனேன். சிஸ்டர் முந்திக்கொண்டார்.

"மாஹேரி கேலே ஹோதே."

அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்.

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார் அந்த அம்மாள். சௌக்கியம் என்றார் சிஸ்டர்.