ஓரத்தில் எழுதிய பெயர்

1. நகல் கேட்டு வந்தவர்

காரைக்கால் பகுதியில் ஒரு மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் வேலை எனக்கு. முப்பது வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்தேன். இன்று அதில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்காக நான் செய்த பெரிய தப்பு ஒன்றை எழுதி வைக்கிறேன். சின்னத் தப்புகளை அவர்களே செய்து தெரிந்துகொள்வார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. கொடிதான் மாறியது. பதிவேடு, சட்டம், கோர்ட்டு எல்லாம் பழையபடியே இருந்தன. ஒரு நாள் காலையில் சிங்காரம் என் மேஜை முன்னால் வந்து நின்றார். போலகம் பக்கத்துக்காரர். சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு நான்கு வருஷம் கழித்து ஊர் திரும்பியிருந்தார்.

"பையனோட பிறப்புப் பத்திரம் ஒரு நகல் வேணுங்க. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறலாம்னு இருக்கேன்."

"பையன் பேரு?"

"பிச்சை."

பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தப் பதிவை எழுதியவன் நான். அது பொய் என்று தெரிந்தே எழுதியவனும் நான்தான். நான்கு நாள் கழித்து வரச் சொல்லி அவரை அனுப்பினேன்.

2. வேலைக்குச் சேர்ந்த மாதம்

ஐம்பதாம் வருஷம், நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதே சிங்காரமும் அவருடைய பக்கத்து வீட்டுக் கோவிந்தனும் சேர்ந்து வந்தார்கள். கோவிந்தன் வயல் கூலி. பிள்ளை பிறந்தால் தகப்பன் வந்து சொல்ல வேண்டும், சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். பிறந்தது தன் பிள்ளை, தாய் தன் மனைவி பாக்கியம் என்று சிங்காரம் சொன்னார். சாட்சியாக நின்ற கோவிந்தனுக்குக் கண்ணில் தண்ணீர். என்னவென்று கேட்டேன்.

"மூணு புள்ள போயிருச்சுங்க. ஒண்ணுகூட மொத ஆடியத் தாண்டல. அதான் இதப் பாக்கியத்துக்கிட்டத் தவிட்டுக்கு வித்துட்டோம். எங்க புள்ளைன்னு எழுதினா இதுவும் தங்காதுங்க."

குழந்தை நிலைக்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததை ஒரு முறம் தவிட்டுக்கு அடுத்த வீட்டாரிடம் விற்பது நம் பக்கத்து வழக்கம். பிள்ளை பெற்றவளிடமே வளரும். ஆனால் அவள் அதைத் தன் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வாங்கியவளைத்தான் பிள்ளை அம்மா என்று கூப்பிடும். வீட்டோடு இருக்கும்வரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. இவர்கள் எமனை ஏமாற்றச் சர்க்கார் பதிவேட்டுக்கே வந்துவிட்டார்கள்.

நான் மறுத்து அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது, கோவிந்தன் அழுதான், மனசு இளகிவிட்டது. பேனாவைத் தொட்டு எழுதினேன். தகப்பன் சிங்காரம், தாய் பாக்கியம். பெற்றவன் சாட்சிக் கட்டத்தில் பெருவிரல் ரேகை வைத்தான்.

அடுத்த வருஷம் சிங்காரம் சைகோன் போனார். அதற்கடுத்த வருஷம் கோவிந்தன் காலராவில் செத்துப்போனான். அந்த இறப்பையும் நான்தான் எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் கோடு போட்டேன்.

3. நடவு வயலில்

சிங்காரம் வந்துபோன அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோவிந்தன் மனைவி அஞ்சலை நடவில் இருந்தாள். வரப்பில் ஒரு பையன் நண்டு வளையைக் குடைந்துகொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சொன்னாருங்க. பேப்பர்ல எம் புள்ள, நான் கூட்டிட்டுப் போறேன், அங்க படிக்க வைக்கிறேன்னாரு. கெட்டவரு இல்லீங்க. அவங்களுக்கும் புள்ள இல்ல."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்றது."

"கோர்ட்டுக்கு வந்து இது என் பிள்ளைன்னு சொல்லணும் அஞ்சலை. நானும் வந்து உள்ளதைச் சொல்றேன். திருத்திடலாம்."

அவள் கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டுவிட்டு வரப்பைப் பார்த்தாள். பையன் தலைநிமிர்ந்து, "அத்தே, நண்டு" என்றான். பெற்றவளை அவன் அத்தை என்றுதான் கூப்பிட்டான்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்ல மாட்டேங்க. மூணு பேரை அப்படிச் சொன்னேன், மூணும் மண்ணுக்குப் போயிருச்சு. இவன் எங்கயாச்சும் உசுரோட இருக்கட்டும். கப்பல்ல போனாலும் போவட்டும்."

சொல்லிவிட்டு அழவில்லை. குனிந்து நட ஆரம்பித்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் தலைமை எழுத்தர் சவரிநாதரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிரெஞ்சில் கையெழுத்துப் போட்டுத் தமிழில் திட்டுகிறவர் அவர்.

"வேலை போயிடும் தம்பி, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அந்தப் பொம்பள வாயத் திறக்கலன்னா உன் வேலை போனதுதான் மிச்சம். போ, மனு எழுதிக் கொண்டா."

இரண்டாம் முறை அஞ்சலையைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை அவளே கேட்டாள்.

"கோர்ட்டுல தீர்ப்பாயிட்டா பழைய எழுத்தக் கிழிச்சுப் போட்டுருவீங்களா?"

"பதிவேட்டில எதையும் கிழிக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது. தீர்ப்பைப் பக்கத்து ஓரத்தில பொடி எழுத்தில எழுதுவோம். அவ்வளவுதான்."

"அப்ப நடுவுல பாக்கியம் பேரு அப்படியே இருக்குமா?"

"நானே செத்தாலும் இருக்கும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.

4. கோர்ட்டில்

காரைக்கால் கோர்ட்டில் முதலில் என்னை நிறுத்தினார்கள். பொய் என்று தெரிந்தே எழுதினீரா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். பின்னால் சவரிநாதர் தொண்டையைச் செருமினார்.

சிங்காரம், தான் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்வேன் என்றார். அதில் பொய் இல்லை. அடுத்து பாக்கியம் கூண்டில் ஏறினாள். அவள் புருஷன் பக்கம் பேசினால் எல்லாம் முடிந்தது. அவளுக்கும் ஆசை இருந்தது. அம்மா என்று ஐந்து வருஷம் கூப்பிட்ட பிள்ளை.

"நான் பெக்கலைங்க. ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கினேன். அவ பால் குடுத்தா, நான் பேரு குடுத்தேன். பேரத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள். சிங்காரம் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியாக அஞ்சலை. பையன் யார் என்று நீதிபதி கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் கேட்டார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் பாக்கியத்தின் விரலைப் பிடித்து நின்ற பையனையே பார்த்தாள்.

"எம் புள்ளைங்க."

சொன்ன உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அன்று வந்த அழுகையை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

5. கடைசி வரி

தீர்ப்பு வந்தது. எங்கள் எல்லோரையும் கண்டித்துவிட்டு, பதிவைத் திருத்தச் சொல்லியிருந்தார் நீதிபதி. சவரிநாதர் பதிவேட்டை என் முன்னால் போட்டு, "கோணலா எழுதினவன் நீ. ஓரத்திலயும் நீயே எழுது" என்றார். எழுதினேன். அதன் பிறகு இரண்டு வருஷம் என்னைப் பதிவேட்டைத் தொட விடவில்லை. தபால் உறைகளுக்குப் பசை தடவினேன். வேலை போகாததே பெரிது.

சிங்காரமும் பாக்கியமும் சைகோன் போய்விட்டார்கள். பாக்கியத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. கப்பலுக்குப் புறப்படுமுன் பையனுக்கு ஒரு வெள்ளி அரைஞாண் கட்டிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஓரத்தில் எழுதிய அன்று அஞ்சலை பார்க்க வந்திருந்தாள். படிக்கத் தெரியாது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இதுல எம் பேரு எங்கங்க?"

ஓரத்தைக் காட்டினேன். பொடி எழுத்தைத் தொடாமல் மேலாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"நடுவுல பெரிசா இருக்கறது?"

"பாக்கியம் பேருதான். சொன்னேனே, அது போகாது."

"இருக்கட்டுங்க. தேடி வர்றவன் பெரிய எழுத்தப் படிச்சுட்டுப் போயிருவான். ஓரத்துல இருக்கறத எம் புள்ள படிச்சுக்குவான்."

இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். இரக்கம் வந்தால் எழுந்து வந்து இரக்கப்படுங்கள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம். நான் இரக்கப்பட்டு எழுதிய ஒரு வரியைத் திருத்த, ஒரு தாய் தன் பிள்ளையின் உயிரையே பணயம் வைப்பதாக நம்பிக்கொண்டு கூண்டில் ஏறினாள். அந்த வருஷம் முழுக்க, காய்ச்சல் என்று யாராவது இறப்பு எழுத வந்தால், எழுதுகிறவர் பேரைக் கேட்பதற்கு முன்னால், பசை தடவுகிற இடத்திலிருந்தே நான் எந்த ஊர் என்று கேட்பேன். அஞ்சலையின் ஊர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.