அவர் உட்காராத நாற்காலி, இவர் போடாத செருப்பு

தலைவர் அரசியலை விட்டு விலகுவதாக டிவியில் சொன்ன அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. ஆக்கி வைத்த சோறு அப்படியே இருந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி அழுதார். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது வெளியே போய்ச் சாப்பிட்டு வந்து, "இந்த ஆஸ்பத்திரிப் பக்கம் கொத்துப் பரோட்டா நல்லா போடுறான் புள்ள" என்று சொன்ன மனுஷன்தான் இவர்.

பழங்காநத்தத்தில் எங்களுக்கு வாழை இலைக் கடை. பக்கத்திலேயே டீக்கடை. இலையைத் தரம் பிரித்துக் கட்டும்போது அங்கே பேசுவது அம்புட்டும் காதில் விழும். நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தகுதி இருந்துச்சு மாப்ள. யோகம் இல்ல."

"யோகமாவது ஒண்ணாவது. கேட்டு வாங்கத் தெரியலண்ணே. நாற்காலி காலியாகுறப்பலாம் இந்தாளு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. பக்கத்துல நின்னவன் உக்காந்துட்டான்."

"கல்யாண வீட்டுல பந்திக்கு எடம் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் கோட்டையில எங்கிட்டு எடம் பிடிக்க?"

"விடுங்கப்பா. இனிமேயாவது வீட்டுல அந்தம்மாவோட நிம்மதியா இருக்கட்டும்."

சிரித்தவர்கள் எல்லாரும் கடைசியாகச் சொன்னதற்கு ஆமாம் போட்டார்கள். எனக்கு அதுதான் சுருக்கென்றது. அந்தம்மாவுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டார். எனக்கு?

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் தலைவருக்கு வர வேண்டிய பதவி வேறொருத்தருக்குப் போனது. அப்போது இங்கே இருந்த கட்சிக்காரர்கள் சிலர் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்காருகிற வரைக்கும் டீ குடிக்க மாட்டேன் என்றார் ஒருத்தர். தாடி எடுக்க மாட்டேன் என்றார் நாகமலை புதுக்கோட்டைக்காரர் ஒருத்தர். இவர் செருப்பு போட மாட்டேன் என்றார். டீயை விட்டவர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தாடிக்காரர் மகள் கல்யாணத்தில் போட்டோ நல்லா விழாது என்று மழித்துக்கொண்டார். இவர் ஒருத்தர்தான் சித்திரை வெயிலிலும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார்.

பிறகு இவருக்குச் சர்க்கரை வந்தது. மார்க்கெட்டில் ஆணி குத்தியது. பெருவிரலுக்குக் கீழே வந்த புண் ஆறவே இல்லை. "செருப்பு போடாம நடந்தா விரலை எடுக்கணும், அப்புறம் பாதத்துக்கே வந்துரும்" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். திருப்பூரில் இருக்கும் மகனை போனில் பேசச் சொன்னேன். "அவரு உக்காரட்டும், போடுறேன்" என்பதுதான் பதில். தலைவருக்குப் பதவி கிடைக்க வேண்டும் என்று அவர் பெண்டாட்டியைவிட நான்தான் அதிகமாகச் சாமி கும்பிட்டிருப்பேன். எவரைக் கண்டால் எனக்கு ஆகாதோ அவருக்காகவே கும்பிட வேண்டியிருந்தது.

ஆகாது என்பதை மறைத்து என்ன செய்ய? தலைவர் சர்க்கரை போடாத காப்பிதான் குடிப்பார் என்று இவருக்குத் தெரியும். நான் குடிப்பது டீயா காப்பியா என்று கேட்டால் யோசிப்பார். தலைவர் பிறந்தநாளுக்குப் புது வேட்டி கட்டுவார். எங்கள் கல்யாண நாள் வந்து போனது நான் கேசரி கிண்டினால்தான் தெரியும். இன்னொருத்தி என்றால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். இந்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

"அவருதான் விலகிட்டாருல்ல. இப்பவாவது போடுங்களேன்" என்றேன்.

"அவரு உக்காரவே இல்லையே. இனிமே எனக்குக் கட்டையில போற வரைக்கும் வெறுங்காலுதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

கொட்டாம்பட்டி தாண்டித் தோட்டத்து வீட்டில் தலைவர் எல்லாரையும் பார்க்கிறார் என்று வேன் பிடித்தார்கள். கட்டுப் போட்ட காலோடு இவர் ஏறினார். துணைக்கு நானும் ஏறினேன். ஆம்பளைகள் வழியெல்லாம் "முடிவை மாத்தச் சொல்லணும்" என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

தலைவர் வராந்தாவில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். டிவியில் பார்த்ததைவிடச் சின்ன உடம்பு. முன்னால் பெரிய வரிசை. பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் செல்பி எடுத்தார்கள். நடுவில் அந்தம்மா உள்ளேயிருந்து வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் மாத்திரை. என்ன ஏது என்று கேட்காமல் தலைவர் எடுத்து விழுங்கிவிட்டு, தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அம்புட்டுத்தான். நான் ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இவர் பின்னாலேயே கடைக்கும் வீட்டுக்கும் நடப்பேன். அந்தம்மா கழுத்தில் கிடந்த நகையை நான் பார்க்கவில்லை. அந்த டம்ளரைத்தான் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. இவர் கொண்டுபோன புதுத் துண்டைத் தலைவருக்குப் போர்த்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"எந்த ஊருப்பா?" என்று கேட்டார் தலைவர்.

இத்தனை வருஷம் மேடைக்குக் கீழே நின்றவரைப் பார்த்து இந்தக் கேள்வி. இவருக்கு அதுகூட உறைக்கவில்லை. "மதுரைங்க தலைவரே, பழங்காநத்தம்" என்று அதற்கே உருகினார். பின்னால் நின்றவர்கள் "நகருங்கண்ணே, நகருங்க" என்று தள்ளினார்கள்.

சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கே கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள் நான். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"ஐயா, இவரைச் செருப்புப் போடச் சொல்லுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "ஏ, சும்மா இரு" என்று இவர் பல்லைக் கடித்தார்.

"நீங்க பதவியில உக்காருற வரைக்கும் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காருங்கய்யா. சக்கரைப் புண்ணு. விரலை எடுக்கணும்ங்கிறாங்க."

தலைவர் குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார். "நானே அதை விட்டுட்டேன். நீ எதுக்குப்பா சுமக்குற? போடுப்பா" என்றார். பக்கத்தில் கிடந்த தன் செருப்பையே காலால் தள்ளிவிட்டு, "இந்தா, இதையே போட்டுக்க" என்றார்.

"சரிங்க தலைவரே" என்றார் இவர்.

தலைவர் ஒரே ஒரு தடவை சொன்னார். இவர் கேட்டுக்கொண்டார். நான் கெஞ்சியது, அழுதது, பட்டினி கிடந்தது எல்லாம் எங்கே போனது? விரல் தப்பித்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், வேனில் ஏறும்போது அந்தச் சேரைத் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டு வந்தேன்.

அதிலும் அந்தச் செருப்பை இவர் காலில் போடவில்லை. தன் தோள் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போடச் சொன்னாருல்ல?" என்றேன்.

"தலைவர் போட்டதை நான் காலுல போடுறதா? இது வீட்டுல இருக்கும். வேற வாங்கிப் போடுவோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு இருக்குற நெலமையில போயி இதைச் சொல்லிச் சங்கடப்படுத்திட்டியே. என்கிட்டச் சொல்லிருந்தா நானே போட்டுருப்பேன்ல?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்துச் செருப்பு விற்கிற கடைக்குக் கூட்டிப் போனேன். அளவு கேட்டார் கடைக்காரர். இவருக்குத் தெரியவில்லை. தினமும் அந்தக் காலைத் துடைத்து மருந்து வைக்கிற நான்தான் சொன்னேன்.

"என்னண்ணே, சத்தியத்தை விட்டுட்டீங்களா?" என்றார் விஷயம் தெரிந்த கடைக்காரர்.

"தலைவரே சொல்லிட்டாரு. நேருல பாத்து, காலைக் குனிஞ்சு பாத்து, போடுப்பான்னு சொல்லிட்டாரு."

"நல்ல மனுஷன்ணே. உக்காந்துருக்கணும்."

"உக்காந்துருக்கணும்" என்று இவர் கண்ணைத் துடைத்தார்.

தலைவரிடம் கேட்டது யார் என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் கீழே உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டேன். புண் இருந்த காலில் பக்குவமாக, புண்ணில் படாமல் மாட்டினேன். புண் இல்லாத காலில் பட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக் கட்டினேன்.

"ஆ! மெதுவாப் புள்ள" என்றார்.

"பழகிரும், நடங்க" என்றேன்.