கருகல் வாசம்

கணபதி என்னும் ஊரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் திருமலைசாமிக்கு மூக்குதான் மீட்டர் என்பார்கள். எரிந்துபோன மோட்டாரைக் கழற்றும் முன்பே குனிந்து முகர்ந்து பார்ப்பார். மேலே வார்னிஷ் மட்டும் காந்தியிருக்கிறதா, உள்ளே காயிலே வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் இருக்கும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம், ஆடி மாதத்துப் பகல். புதுக் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றியிருந்தார். அது காய்வதற்காக மோட்டார் கூட்டுக்குள் இருநூறு வாட்ஸ் பல்பைச் சொருகி, காலடியில் வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது கருகல் வாசம் வந்தது. வார்னிஷ் இல்லை. காகிதமும் இல்லை. அவர் மூக்குக்குப் பழக்கமில்லாத வாசம்.

"மாசாணம், எங்கியோ தீயுது. மெயினை ஆஃப் பண்ணு."

மாசாணம் கடை தொடங்கிய நாளிலிருந்து அவரோடு இருப்பவர். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுப் பார்த்தார். எதுவும் சுடவில்லை. கடைசியில் ஸ்டூலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"ங்ணா, காலை எடுங்க. பல்பு மேல வெச்சிருக்கீங்க."

கூட்டின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த பல்பின் மேல் வலது பாதம் சரிந்திருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே தோல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. காலை எடுத்தபோது தோல் உரிந்து வந்தது.

வலிக்கவில்லை. புண்ணைப் பார்த்து அவர் பயப்படவில்லை. வலி இல்லாததைப் பார்த்துத்தான் பயந்தார்.

அண்ணன் நாராயணசாமிக்கும் இப்படித்தான் தொடங்கியது. பஞ்சாலையில் ஓடி ஓடி வேலை பார்த்த மனிதர். சர்க்கரை வியாதி. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு கணுக்கால் வரை. பிறகு முழங்கால் வரை. அதற்குப் பிறகு அண்ணன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார், உயிர் போகும்வரை. அந்த வரிசை திருமலைசாமிக்கு மனப்பாடம். அவருக்கும் சர்க்கரை வந்து சில வருஷமாகியிருந்தது. மாத்திரை போடுகிறோமே என்று இருந்துவிட்டார்.

"ஊட்ல சொல்லிப்போடாதே," என்றார் மாசாணத்திடம்.

மறைக்க முடியவில்லை. சாயங்காலமே மனைவி அம்புஜம் காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டாள். மகள் வரலட்சுமி ஸ்கூட்டியை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினாள். "ஏறுங்க நைனா," என்றாள்.

டாக்டர் ஜெபராணியின் கிளினிக் சர்ச்சுக்கு அடுத்த தெருவில் இருந்தது. திருமலைசாமியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டார்.

"இப்பத் தெரியுதுங்களா?"

"இன்னும் தொடலீங்களே."

"தொட்டுட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இனிப்பு சாப்பிடறீங்களா?"

"சக்கரையத் தொட்டே வருஷமாச்சுங்க."

அவர் அறிந்தவரை அது பொய்யில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். புண்ணுக்கு மருந்து கட்டி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

புண் ஆறவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரித்ததும் குனிந்து துணியை முகர்ந்தார். எதற்காக முகர்கிறார் என்று அம்புஜத்துக்குத் தெரியும். அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஆவணியில் தொண்டாமுத்தூர்த் தோப்புக்காரர் ஒருவர் மோட்டாரோடு வந்து இறங்கினார். அதே மோட்டார். அந்த வருஷத்திலேயே மூன்றாவது தடவை.

"ஏனுங்க, மறுபடி கருகிப்போச்சுங்க. தோப்புக்குள்ள ஆனை வந்துபோட்டுது. நான் ஆனையைப் பார்ப்பனா, மோட்டாரைப் பார்ப்பனா?"

"ஆனையக் கூட்டியாங்க, அதுக்கும் ஒரு காயிலைக் கட்டி உடறோம்," என்றார் மாசாணம்.

திருமலைசாமி சிரிக்கவில்லை. மோட்டாரின் சுழல்தண்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. "காயில் என்னங்க பாவம் பண்ணுச்சு? பேரிங் இறுகி நிக்குது. போன தடவையே மாத்தச் சொன்னேன், கேக்கலை. காயிலை மட்டும் கட்டி மாட்டுனா அது கருகாம என்ன செய்யும்?"

கோபமாகப் பேசிவிட்டோமே என்று உடனே டீ சொன்னார். அது அந்தக் கடையின் வழக்கம். மோட்டாரோடு வருகிறவர் யாராக இருந்தாலும் டீ உண்டு, அவரோடு சேர்ந்து திருமலைசாமியும் குடிப்பார். குடிக்காவிட்டால் முகம் கொடுக்கவில்லை என்று போய்விடுவார்கள்.

எதிர் டீக்கடை ஆமினா பீவி தானே டம்ளர்களைக் கொண்டு வந்தார்.

"ங்ணா, உங்க டப்பா தீந்துபோச்சு. நாளைக்குக் கொண்டாந்து குடுங்க."

"போன வாரந்தானே குடுத்தேன்?"

"நல்லாக் கேட்டீங்க. தெருவே ஒரு டப்பாச் சக்கரையக் குடிக்குது, நீங்க ஒருத்தர் ஒரு டப்பாக் குடிக்கறீங்க."

கவுந்தப்பாடிப் பக்கம் அம்புஜத்தின் தம்பிக்குக் கரும்பாலை இருந்தது. அங்கே காய்ச்சிய நாட்டுச் சர்க்கரை மூட்டையாக வீட்டுக்கு வரும். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், இது மருந்து என்று அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. நோய் வந்த அன்றே திருமலைசாமி வெள்ளைச் சர்க்கரையை விட்டார். நாட்டுச் சர்க்கரையை ஒரு டப்பாவில் போட்டு ஆமினா பீவியிடம் கொடுத்து, தன் டீயில் இதை மட்டும் போடச் சொன்னார். இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறோம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசம் வந்தது. எத்தனை மோட்டார் வந்ததோ அத்தனை டீ. வந்தவரின் டீயில் போட்டதைவிடத் தன் டீயில் அதிகம், மருந்துதானே என்று.

டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தோப்புக்காரர், தன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, "பேரிங்கையும் மாத்திப்போடுங்க," என்றார்.

ஆமினா பீவியிடமிருந்த டப்பாவைக் கழுவக்கூட இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் உள்ளே ஒட்டியிருந்ததைப் பார்த்தார், முகம் மாறியது.

"இதைச் சொல்லவே இல்லீங்களே."

"இதுவும் சக்கரைன்னு நினைக்கலீங்க."

"ஒடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. கட்டைப் பிரிங்க."

சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது. அதன் அழுகல் வாசம் அவர் மூக்குக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. தெரியாததுபோல இருந்துவிட்டார்.

அந்த வாரமே விரலை எடுத்தார்கள். வரிசையில் முதல் படி. மயக்கம் தெளிந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை "எது வரைக்கும்?" என்பதுதான்.

"வெரல் மட்டுந்தான் நைனா," என்றாள் வரலட்சுமி. போர்வையை விலக்கிக் காட்டச் சொன்னார். காட்டினாள்.

அன்றிலிருந்து பயத்தோடு அவர் வாழப் பழகினார். "மாத்திரையும் வேணும், சாப்பாடும் மாறணும். ஒண்ணு இருக்குன்னு ஒண்ணை உட்டுப்போடாதீங்க," என்று டாக்டர் சொன்னதைக் கடைசிவரை மீறவில்லை. சர்க்கரை மூட்டை அம்புஜத்தின் தம்பி வீட்டுக்கே திரும்பிப் போனது. தட்டில் சோறு ஒரு கரண்டியாகக் குறைந்தது. கீரை, கொள்ளு, ஒரு கைப்பிடிக் கம்பங்களி. சாப்பிட்டதும் அத்திப்பாளையம் பிரிவு வரை நடை. வேட்டிக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. கடையில் யாராவது சிரித்தால் மாசாணம் முறைப்பார். மோட்டாரோடு வந்தவர்கள் டீ குடிக்கும்போது இவர் கையில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். வந்தவர் மனம் நோகக்கூடாதல்லவா.

புண் மெதுவாக மூடியது. பயம் மூடவில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, ஒவ்வொரு உள்ளங்காலாக அதன்மேல் தூக்கிப் பார்ப்பார். பாதத்துக்குத் தெரியாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கீறலைக் கண்டாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தொண்ணூற்றொன்பதில், மார்கழியில், காலை நடை முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. வரலட்சுமி ஆட்டோவுக்கு ஓடினாள். அம்புஜம் நெஞ்சைத் தடவப் போனபோது அவர் கையை விலக்கினார்.

"காலைப் பாரு," என்றார்.

அவள் ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலிடுக்கெல்லாம் விலக்கிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"ரெண்டும் நல்லாயிருக்குங்க," என்றாள்.

அவர் தலையை அசைத்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது அவர் மூச்சு அடங்கியிருந்தது, அம்புஜம் அந்தப் பாதங்களை இன்னும் மடியில்தான் வைத்திருந்தாள்.