வெளிவராத ஐந்து ஷில்லிங்

லண்டனில் ஒரு பழைய நாணயச் சந்தை. கடை போட்டிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன், பிளாஸ்டிக் உறையிலிட்ட ஐந்து ஷில்லிங் நோட்டை என் கையில் தருகிறார். அதில் பிரிட்டன் நாட்டின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா ஈட்டியும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

“ரெண்டாம் உலகச் சண்டைக்காலத்தில சில்லறைத் தட்டுப்பாடு வருமெண்டு அடிச்சவங்கள், தங்கச்சி. வெளியில விடவேயில்லை.”

ஈட்டி எடுத்தவள் போர் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அப்போ இதை வச்சு யாரும் ஒரு டீகூட வாங்கினதில்லையா, அண்ணா?”

“இல்லை.” அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைக்கிறார். உள்ளே இரண்டு வடை. “நீங்கள் வாங்குங்கோவன்.”

நான் நோட்டை இரண்டு கையாலும் நீட்டுகிறேன். அவர் அதை விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்.

“கள்ள நோட்டில்லை. வடையை எடுங்கோ.”